கேசரிப் பவுடர் கலந்த தொட்டி

வெள்ளவத்தை வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் எங்கள் பழைய ஹொட் டப் ஒழுகுகிறது என்றே நம்பினேன். மனைவியின் கால்வலிக்காக வாங்கிய அந்த வெந்நீர்த் தொட்டியில் தினமும் தண்ணீர் குறைந்தது. கூரை இடிந்து, கீழ்வீட்டாரின் சோற்றுக் கோப்பைக்குள் நான் இடுப்பில் கட்டிய துவாயோடு போய் இறங்குவதாகக் கற்பனை செய்து நடுங்கினேன்.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க, தண்ணீரில் கேசரிப் பவுடர் கலந்தேன். கீழ்வீட்டுச் சீலிங்கில் ஒரு துளி நிறமும் இல்லை. மனைவியின் கைதான் செம்மஞ்சளாக இருந்தது.

"நீர்தானோ தொட்டித் தண்ணியைத் திறந்துவிட்டனீர்?"

"ஓமப்பா. தண்ணி நிரம்ப இருந்தா இப்ப கால் ஊன்ற ஏலாது, தாழுறன். கூரைக்கே இவ்வளவு பதறுற ஆளிட்ட இதை எப்பிடிச் சொல்றது?"



தொட்டியில் ஓட்டை இருக்கவில்லை. அவளின் கால்கள் பலமிழந்துகொண்டிருந்தன.