ஒரு டின் பசையும் நானும்

போன வாரம் தோட்டத்து கேட்டில் என்னை நிறுத்திவிட்டார்கள். காரணம்? கையில் ஒரு டின் பசை!

மலாயாவில், தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் நான் டீச்சர் என்பது உங்களுக்குத் தெரியும். சிறுவர் நூலகமும் என் பொறுப்புதான். நூலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள்... ஓர் அலமாரி. அதில் பாதிப் புத்தகம் கிழிசல். சனிக்கிழமை தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பார்வையிட வருகிறார், கிழிந்ததையெல்லாம் கொளுத்த வேண்டும் என்று ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி சொல்லிவிட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. இந்த அவசரகாலத்தில் பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. முள்வேலிக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளைகளுக்கு வேறு என்ன இருக்கிறது? அதையும் கொளுத்தினால்?

அந்த நேரம் பார்த்து, சிரம்பானில் நூலகப் பொறுப்பாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. வேண்டாவெறுப்பாகத்தான் போனேன் — புத்தகம் அடுக்க ஒரு பயிற்சியா? ஆனால் அங்கே, கந்தலாய்க் கிடந்த புத்தகத்தை ஒட்டிப் புதிதாக்கிக் காட்டினார்கள். அசந்துபோனேன்! நானும் ஒன்றை ஒட்டினேன். உற்சாகம் தலைக்கேறி, மாவில் காய்ச்சிய பசையை ஒரு டின் நிறைய வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாவு! காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்குப் போய்விடக் கூடாதென்று உணவுக் கட்டுப்பாடு போட்டிருக்கும் காலத்தில்! பயிற்சி பெற்ற மூளைக்கு அது உறைக்கவே இல்லை.

கேட்டில் காவல் நின்ற கான்ஸ்டபிள் மாணிக்கம் டின்னைத் திறந்து மோந்து பார்த்தார்.

“என்னா டீச்சர், மாவு மாதிரி இருக்கு லா? பெர்மிட் இருக்கா? காட்டுல உள்ளவனுங்களுக்கா?”

“ஐயோ, பசைங்க! பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் போட்டிருக்கு. தின்னா ஆளே செத்துருவான்!”

“அப்போ வெஷமா?”

நல்ல வாய் எனக்கு!

பின்னால், ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்துவிட்டுத் திரும்பிய பெண்களின் வரிசை நீண்டது. பசைதான் என்று நிரூபிக்க, நான் ஒட்டிய புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். பயிற்சியில் கேட்டதையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். மாணிக்கம் புத்தகத்தைப் பிரித்தார்... அவ்வளவுதான். அத்தனை தாள்களும் கழன்று பறந்தன. வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. பசை சாக்கடைக்குப் போனது.

மானம் போனால் போகட்டும், புத்தகங்கள் போகின்றனவே! கண் கலங்கத் தாள்களைப் பொறுக்கினேன். ஒன்று மட்டும் வரவில்லை. அஞ்சலை என்ற பெண்ணின் கைலியில், ரப்பர் பால் சிந்தியிருந்த இடத்தில் அப்பிக்கொண்டிருந்தது.

“இழுக்காதீங்க டீச்சர், கைலி கிழிஞ்சிடும் லா!”

கைலி கிழியுமாம்... தாள் வராதாம்! நிமிர்ந்து பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை ரப்பர் மரம். பசைக்குள்ளேயே குடியிருந்துகொண்டு, பசை வாங்க சிரம்பான் போயிருக்கிறேன்!

மறுநாள் கங்காணியிடம் கெஞ்சி ஒரு வாளி பால் வாங்கினேன். பிள்ளைகளும் நானும் கை கால் எல்லாம் பிசுபிசுக்க உட்கார்ந்து ஒட்டினோம்.

சனிக்கிழமை துரை ஒரு புத்தகத்தை விரித்தார். இழுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். வாடை தூக்கியடித்தது. பக்கத்தில் கிராணி தீப்பெட்டியோடு தயார்.

“இது நம்ம பால்?” என்றார் துரை.

“ஆமாங்க தொரை.”

துரை கிராணி பக்கம் திரும்பினார். “கிராணி! நம்ம ரப்பர் நாமளே கொளுத்துறதா?”

பிள்ளைகள் போட்ட கூச்சலைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எல்லாப் புத்தகங்களும் பிழைத்தன. ஒன்றில் மட்டும் நான் ஆசைப்பட்டுப் பாலை அதிகமாகத் தடவிவிட்டேன், திறக்கவே முடியவில்லை... யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று அதை என் பெயரிலேயே இரவல் எடுத்து வைத்திருக்கிறேன்!