இன்றைக்கு எங்கே முட்டியது?

எங்கள் மெஸ்ஸில் சாப்பிட்ட பிஜு, திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்து போன் செய்தார். "அண்ணாச்சி, நம்ம சுமதி மரிச்சு. காய்ச்சல்னு ஆசுபத்திரியில சேர்த்தது, பின்னே எழுந்திருக்கல."

அந்த ஐந்து மாதம் எங்கள் மெஸ்ஸில் சாப்பிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எழுதப் படித்தது போன வருஷம்தான். மெதுவாகத்தான் வரும். ஆனாலும் சுமதி என்று என் கையாலேயே எழுத முடிகிறது. அந்தச் சந்தோஷத்தை இப்படி ஒரு காரியத்துக்கா செலவழிக்க வேண்டும்?

கணக்கில் ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளைப் பல ஊர்களிலிருந்து வரவழைத்து, ஒரு செமஸ்டர் முழுக்கத் திருவனந்தபுரத்தில் தங்க வைத்திருந்தார்கள். நாலு பேருக்கு ஒரு கணக்கு, அதுவரை யாரும் போட்டு முடிக்காத கணக்கு. சமையல் நான். திருநெல்வேலிப் பெண்ணான சுமதி அங்கே ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். இரவு சாப்பிட உட்காருமுன், அன்று எங்கே முட்டி நின்றோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். கேட்பவர் சிரிக்கக் கூடாது, வழியும் சொல்லக் கூடாது. சொன்னவருக்குச் சோறு.

ஒரு நாள் என்னையும் விடவில்லை.

"அண்ணாச்சிக்கு எங்க முட்டுச்சு?"

"பஸ் போர்டுலதான். கிழக்கேகோட்டைக்குக் காய்கறி வாங்கப் போறேன்னு விதுரா போற பஸ்ல ஏறிட்டேன். நெடுமங்காட்டுலதான் இறங்கினேன்."

அவளோடு அதே கணக்கில் இருந்த பிஜு சிரித்துவிட்டார். "சிரிச்ச ஆளுக்கு இன்னைக்குப் பப்படம் கிடையாது" என்றாள் சுமதி. எனக்கு எழுத்து தெரியாது என்பது அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது. அதன்பிறகு அதை மறைத்துக்கொண்டு திரிய வேண்டியிருக்கவில்லை.

கடைசி வாரம், கணக்கு முடிந்துவிட்டது என்று சுமதி, பிஜு உள்பட அவர்கள் நாலு பேரும் பாயசம் வைக்கச் சொன்னார்கள். மறுநாள் வெளியூர்ப் பேராசிரியர்கள் முன்னால் அதைச் சொல்ல வேண்டும். அது நன்றாக அமைந்தால்தான் அவர்களுக்கு மேற்கொண்டு வழி. அன்று சுமதி உட்காரவே இல்லை.

"என் பங்குல ஓட்டை இருக்கு. மத்தியானம்தான் பார்த்தேன். அடைக்க முடியல."

"நாளை கழிஞ்சு சொன்னா போதும், சுமதி. ஆர்க்கும் மனசிலாகாது." யாருக்கும் புரியப்போவதில்லை என்று பிஜு கெஞ்சினார்.

"இப்ப சொன்னா இது நாலு பேர் தப்பு, பிஜு. மறைச்சா அவங்கவங்க தனித்தனியா சுமக்கணும்."

மறுநாள் அவளே மேடையேறிச் சொன்னாளாம். வந்தவர்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். பாயசம் அப்படியே திரிந்துபோனது. நாலு பேரும் நாலு ரயிலில் போனார்கள்.

அந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை என்கிறார் பிஜு. கடைசிவரை சுமதி அதிலேயேதான் முட்டிக்கொண்டிருந்தாளாம். இனி யார் அடைப்பார்கள் என்று கேட்டேன். "அறியில்லா, அண்ணாச்சி" என்றார்.

எனக்கு அவளிடமிருந்து மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். சாப்பிட உட்காரும்போதெல்லாம் என்னையே கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு இந்தத் தாளிலேயே முட்டியது, சுமதி. உன் பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்று போட வேண்டுமாம். கை போகவில்லை.

சொல்லிவிட்டேன். ஆனாலும் சோறு இறங்கவில்லை.