விட்டுப்போன சின்ன மாத்திரை

என் தங்கை மார்ஜோலேனுக்குப் பதினாறு வயதானபோது, அக்காவான நான் என் சிறுநீரகம் ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன். சிஸ்டினோசிஸ் என்ற நோய் அவள் பிறக்கும்போதே கூட வந்தது. உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் உப்புப் படிகம்போல ஒன்று சேர்ந்துகொண்டே போகும்; முதலில் சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும். வெளியூர் டாக்டர்கள் பலர் வாழ்நாளில் ஒரு நோயாளியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் சகனே வட்டாரத்திலோ, நோயின் பெயரைச் சொன்னாலே யார் வீட்டில் என்று கேட்பார்கள்.

ரோபர்வால் ஊருக்கு வெளியே ஒரு பாலாடைக்கட்டி ஆலையில் அவளுக்கு வேலை. படிகத்தைக் கரைக்கும் மாத்திரையால் அவள்மேல் அழுகிய முட்டை வாடை வரும்.

"மார்ஜோ வந்தாச்சு, ஜன்னலைத் திறங்கப்பா" என்பான் கூட வேலை செய்யும் ரோசேர்.

"திறந்துட்டு நீ அப்படியே வெளியில குதிச்சிடு" என்பாள் இவள். பதில் சொல்ல ஒரு நொடிகூட எடுக்க மாட்டாள்.

அந்த நவம்பரில் ரோசேர் எனக்குப் போன் செய்தான். "கிலேன், உன் தங்கச்சிக்கு என்ன ஆச்சு? கிண்டல் பண்ணா சும்மா பாத்துட்டு நிக்கறா."

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். ஹீட்டர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, பனிக்கோட்டைப் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதியிருந்தது. குரல் கரகரத்து, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"ரத்த டெஸ்டுக்குக் கடைசியா எப்போ கொடுத்தே?"

"ஜூன்ல."

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை கொடுக்கணுமேடீ."

"தெரியும். போனா சொல்லிடுவாங்க, கிலேன். கிட்னி போயிடுச்சுன்னு சொல்லிடுவாங்க."

எனக்கு உள்ளுக்குள் கோபம் வந்தது. அது என் உடம்பிலிருந்து வந்ததல்லவா?

மறுநாள் காலை சிகூதிமி ஆஸ்பத்திரிக்கு வண்டியோட்டினேன். வழி முழுக்க அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. படிகம் ஏறிய கண்ணுக்குப் பனியின் வெளிச்சம் ஆகாது. அழுகிறாளா என்று அதனால் எனக்குத் தெரியவில்லை.

மதியம் ரத்த முடிவு வந்தது. சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின், நூற்றுப் பத்தில் நின்றிருந்தது, நூற்று எண்பத்தைந்து ஆகியிருந்தது. பதினைந்து வருடமாக அந்த எண்ணைப் பார்த்துவருகிறேன். யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

"உன்னோடதை நான் பாழாக்கிட்டேன்" என்றாள்.

நான் முடிவுத் தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

டாக்டர் திவியெர்ஜ் அம்மா அவளுடைய ஊதிய முகத்தைப் பார்த்தார், கரகரத்த குரலைக் கேட்டார். பிறகு குதிகாலுக்கு மேல் சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது, ஆனால் பழைய இடத்துக்குத் தூக்கக்கலக்கத்தில் இருப்பதுபோல மெல்லத் திரும்பியது.

"மார்ஜோலேன், தைராய்டு மாத்திரை போடறியா?"

அவள் தரையைப் பார்த்தாள். "ஈஸ்டருக்கு அப்புறம் போடல."

"ஏம்மா?"

"ஒரு நாளைக்கு நாப்பது மாத்திரை முழுங்கறேன், டாக்டர். அதை வெறும் வயித்துல தனியாப் போட்டுட்டு வேற காத்திருக்கணும். இருக்கறதுலயே சின்னது அதுதான். அது என்ன பண்ணிடப்போகுதுன்னு விட்டுட்டேன்."

அந்தப் படிகம் தைராய்டையும் தின்றுவிட்டிருந்தது. அந்தச் சுரப்பு இல்லாமல் போனால் இதயம், பேச்சு, சிறுநீரகம் எல்லாமே மந்தமாகிவிடும் என்றார் டாக்டர்.

"அப்போ கிட்னி நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாதும்மா. மாத்திரையைக் கொஞ்சங்கொஞ்சமாத்தான் ஏத்தணும், அவசரப்பட்டா இதயம் தாங்காது. ஆறு வாரம் போகட்டும்."

ஆறு வாரமும் அவளை என் வீட்டில் வைத்துக்கொண்டேன். காலையில் அவள் கால் வீங்கியிருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாமல் பார்ப்பேன். அவள் கழிவறைக்குப் போனால் சிறுநீர் போகும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். சாப்பாட்டு மேஜையில் இருவரும் உப்பைப் பற்றியும் சாலையைப் பற்றியும் பேசினோம். கிட்னி என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்கவில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் போய்ப் பார்த்தோம். நூற்றுப் பதினெட்டு. நர்ஸை இரண்டாவது தடவை படிக்கச் சொன்னாள்.

காரில் ஏறியதும் கேட்டாள்: "என்மேல கோவமா இருந்தியா?"

"இருந்தேன்."

"தெரியும். ரொட்டியை வெட்டறப்போ பலகை உடைஞ்சிடும்போல இருந்துச்சு."

போன குளிர்காலத்தில் அவளுக்குக் கணையமும் தளர்ந்துவிட்டது. இந்தத் தடவை ஆலையிலிருந்து அவளே போன் செய்தாள். "சர்க்கரை ஏறியிருக்காம், கிலேன். ஆஸ்பத்திரியிலேருந்து சொல்லிப் பத்து நிமிஷம்தான் ஆச்சு. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றேன். "அங்கேயே இரு, வர்றேன்." பனிக்கோட்டை மாட்டக்கூட நிற்காமல் போய்க் காரைக் கிளப்பினேன்.