பெருங்காய டப்பா

போன வருஷம் எங்கள் ஜெராம் ஊர்க் கோயில் அன்னதானத்தில் நான் சாம்பார் வாளியோடு போனபோது, ஒல்லியான ஓர் அம்மா இலைமேல் கையை விரித்துத் தடுத்தார். தனக்குச் சீலியாக் நோய், கோதுமை துளி சேர்ந்தாலும் குடல் புண்ணாகும் என்றார்.

"சாம்பார்ல ஏது அக்கா கோதுமை? சாமி சாப்பாடு, ஒண்ணும் செய்யாது லா."

"போன தடவையும் இங்க இப்படித்தான் சொன்னாங்க. ஒரு வாரம் படுத்துட்டேன். பெருங்காய டப்பாவக் கொஞ்சம் காட்டுறீங்களா?"

கொண்டுவந்தேன். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிப் பொடி எழுத்தைப் படித்தவர், ஓரிடத்தில் விரலை வைத்தார். கோதுமை மாவு.

யாரையும் குறை சொல்லவில்லை. வெறும் சோற்றில் தயிரும் உப்பும் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இந்த வருஷம் பெருங்காயம் போடாமல் ஒரு சட்டி சாம்பார் தனியாக வைத்திருந்தேன். கடைசிப் பந்தி வரை அவர் வரவில்லை. அவர் ஒரு வாரம் படுத்த அந்த முதல் தடவை, ஒண்ணும் செய்யாது என்று சொல்லி ஊற்றியதும் நான்தானோ என்னவோ.