இருபத்து மூன்று படலங்கள்

தொழிற்சாலையில் அவளுக்குக் ‘கணக்கு’ என்று பட்டப்பெயர். படி ஏறினால் எண்ணுவாள், துணி மடித்தால் பொத்தானை எண்ணுவாள். “கல்யாணத்தன்னைக்கே என் பல்லை எண்ணிட்டா” என்று பஸ் ஓட்டுகிற அவள் கணவன் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவளுக்கு அதில் கோபமில்லை, உள்ளூரப் பெருமைதான். அந்தப் பெருமைதான் பின்னால் அவளைப் படாத பாடு படுத்தியது.

அவள் வேலை பார்த்தது விண்கலங்களுக்குக் கவசத் தகடு செய்யும் இடத்தில். சூரியன் சீறும்போது வரும் கதிர்வீச்சுக்குத் தப்ப, மேலே இருப்பவர்கள் ஒரு சின்ன அறைக்குள் ஒடுங்கிக்கொள்வார்கள். துணி அலமாரியைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அந்த அறையின் சுவர்தான் இந்தத் தகடு. இரும்பும் இல்லை, ஈயமும் இல்லை, போரான் கலந்த வெறும் பிளாஸ்டிக். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அந்த வகைக் கதிர்களை அடக்குவதற்குக் கனத்த உலோகத்தைவிட இதுதான் கைகொடுக்கும். இருபத்து நான்கு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூட்டில் அழுத்தும் இயந்திரத்தில் வைத்து இறுக்கினால் ஒரு தகடு.

ஒவ்வொரு தாளின் பசைப் பக்கத்தையும் ஒரு மெல்லிய படலம் மூடியிருக்கும். அதை உரித்துவிட்டுத்தான் அடுக்க வேண்டும். மறந்து விட்டால் அந்த இடத்தில் பசை பிடிக்காது. கீழே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மேலே போய் வெயிலில் வெந்து, நிழலில் உறைந்து, ஒரே நாளில் பல தடவை இப்படி அடிபட்டால், பிடிக்காத அடுக்கு வாயைப் பிளக்கும், சுவரில் சந்து விழும். படலமும் பிளாஸ்டிக், தாளும் பிளாஸ்டிக் என்பதால் ஸ்கேன் இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது. உரித்துப் போட்ட படலங்களைத் தொட்டியிலிருந்து எடுத்து எண்ணிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. பதினோரு வருடமாக எண்ணிக் கையெழுத்துப் போடுகிறவள் இவள்தான்.

கூட வேலை செய்பவள் இவளுடைய நாத்தனார். மேலாளரிடம் பேசி வேலை வாங்கிக் கொடுத்ததே இவள்தான். ஒற்றைப்படை அடுக்குகளை நாத்தனார் வைப்பாள், இரட்டைப்படையை இவள் வைப்பாள்.

அன்று காலை மேலாளர் தலைக்குமேல் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். மறுநாள் லாரி வருகிறது. “இருபத்து நாலு இருக்கு அண்ணி, நானே எண்ணிட்டேன்” என்றாள் நாத்தனார். என்ன நேரமோ, இவளும் கையெழுத்தைப் போட்டுவிட்டாள். இயந்திரம் மூடிக்கொண்டது. இனி அது ஆறும்வரை திறக்காது.

அப்புறம்தான் கை சும்மா இருக்காமல் தொட்டிக்குள் போனது. இருபத்து மூன்று. மறுபடி எண்ணினாள். இருபத்து மூன்று. மேசைக்கடியில் தேடினாள், செருப்பின் அடியைப் பார்த்தாள், நாத்தனாரின் மேலங்கியை உதறச் சொன்னாள். எங்கும் இல்லை.

“நீ நிஜமா எண்ணினியா?”

நாத்தனார் தரையைப் பார்த்தாள். “எப்பவும் சரியாத்தானே இருக்கும்னு சும்மா சொல்லிட்டேன் அண்ணி.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஸ்கேன்ல தெரியாது. நாம வாயைத் திறக்கலைன்னா யாருக்குமே தெரியாது. சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். என் பிள்ளைங்களை நெனச்சுப் பாருங்க.”

“அதுக்குள்ள போய் ஒதுங்கப்போறவங்களுக்கும் பிள்ளைங்க இருக்காங்க இல்லே?”

கழிப்பறைக்குள் போய்க் கணவனுக்குப் போன் போட்டாள். அவன் தங்கச்சி விஷயம், மறைக்க முடியாது. எதற்கெடுத்தாலும் கிண்டல் பண்ணுகிறவன் இந்தத் தடவை கிண்டல் பண்ணவில்லை. “நீ எண்ணினா அது சரியாத்தான் இருக்கும். போய்ச் சொல்லிடு” என்றான்.

மேலாளருக்கு முகம் செத்துவிட்டது. “புதுசாத் தாள் வரவே ஆறு வாரம் ஆகும்மா. வேற தகடு கையில இல்ல.”

“அறுத்துப் பாருங்க சார். உள்ள ஒண்ணு இருக்கு.”

மதியத்துக்கு மேல் தகடு ஆறியது. ரம்பக்காரர் ஓரத்திலிருந்து ஒரு பட்டையை அறுத்தெடுத்து, ஒவ்வொரு அடுக்காக ஆப்பு வைத்து நெம்பினார். ஒட்டிய இடம் கிழிந்துதான் வரும். பத்து அடுக்கு கிழிந்தது. ஒன்று பாக்கியில்லாமல் நல்ல பிடிப்பு. மேலாளர் இவளை முறைத்தார். நல்ல தகட்டைப் பாழாக்கிவிட்டோமோ என்று இவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பதினொன்றாவது அடுக்கு, ஆப்பு படுவதற்குள் தானாகப் பிரிந்தது. உள்ளே படலம்.

நாத்தனார் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மேலாளர் பெருமூச்சு விட்டார். “கணக்குன்னா கணக்குதான்மா” என்றார். அந்த நேரத்திலும் இவளுக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. பொய் சொல்வானேன், சந்தோஷமாகவே இருந்தது.

ரம்பக்காரர் நிறுத்தவில்லை. கடைசிவரை பார்க்க வேண்டும் என்பது விதி. பதினெட்டாவது அடுக்கும் தானாகப் பிரிந்தது.

பதினெட்டு இரட்டைப்படை. அது இவள் கையால் வைத்த தாள்.

உள்ளே இரண்டு என்றால் தொட்டியில் இருபத்திரண்டுதான் இருக்க வேண்டும். ஓடிப்போய்த் தொட்டியை மேசைமேல் கவிழ்த்தாள். கசங்கிய படலங்களை ஒவ்வொன்றாக நீவி விரித்தாள். பதினோரு வருடத்தில் அவள் விரித்துப் பார்த்ததே இல்லை, விரலால் தள்ளி எண்ணியதோடு சரி. இருபத்தொன்று முழு நீளம். மீதி இரண்டும் பாதிப் பாதி. பக்கத்தில் பக்கம் வைத்தால் கிழிந்த விளிம்புகள் பொருந்தின. உரிக்கும்போது கிழிந்த ஒரே படலத்தை இரண்டென்று எண்ணியிருக்கிறாள், இரண்டு தடவையும்.

எத்தனை நாள் எத்தனை படலம் இப்படிக் கிழிந்திருக்கும்? இருபத்து நான்கு என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்ட அத்தனை நாளும் நினைவுக்கு வந்தது.

மேலாளர் மேசையைப் பார்த்தபடியே கேட்டார். “ஏம்மா, இதே கலத்துக்கு ஏற்கனவே நாலு தகடு மேல போயிருக்கு. இப்ப ஆளுங்க இருக்காங்க அங்க. அதெல்லாம் சரியாத்தானே எண்ணின?”

வழக்கமாக இந்த மாதிரிக் கேள்வியை அவர் முடிப்பதற்குள் பதில் சொல்கிறவள் அவள்.

“தெரியாது சார்” என்றாள். “அவங்ககிட்ட இப்பவே சொல்லிடுங்க.”