எண்ணெய்க் குத்தகையும் டைப் டீச்சரும்

எண்ணெய்க் கம்பெனி நீட்டுகிற குத்தகைப் பத்திரத்தைப் படித்து விளக்கம் சொல்கிற தொழிலுக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ‘ம்ம்’ என்று இழுக்கத் தெரிந்தால் போதும். எனக்கு அது நன்றாக வரும். அருப்புக்கோட்டையில் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். முன்பு டைப்ரைட்டிங் வகுப்பும் நடத்தியதால் ஊரில் எனக்கு ‘டைப் டீச்சர்’ என்று பெயர். இருபது வருஷமாக வக்கீல்களுக்குப் பத்திரம் அடித்துக் கொடுக்கிறேனே தவிர, அடித்ததில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் படித்ததில்லை. விரல் படிக்கும், மனசு மத்தியானக் குழம்பில் இருக்கும். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு முழித்த வாசகர்கள் யாராவது இருந்தால், நானும் உங்கள் கூட்டம்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நிலம் யாருடையது

திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து முனியசாமி அண்ணன் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். கையில் பதினோரு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். அவருடைய கரிசல் காட்டில் மூன்று ஏக்கரை மூன்று வருஷத்துக்குக் குத்தகைக்குக் கேட்டு ஒரு எண்ணெய்க் கம்பெனி கொடுத்த நகல் அது. அங்கே பூமிக்குள் எண்ணெய் இருக்கிறதா என்று ஆழமாகத் துளை போட்டுப் பார்க்கப் போகிறார்களாம். ஜெராக்ஸ் மெஷின் சூடாகிற நேரத்தில், அதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். கேட்டது ஒரு டீச்சரிடம். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

கண்ணாடியை ஏற்றிவிட்டு ஆரம்பித்தேன். நிலத்தைக் கொடுக்கிறவர் ‘லெஸ்ஸர்’, வாங்குகிறவர் ‘லெஸ்ஸி’. நான் அதை அப்படியே தலைகீழாகப் புரிந்துகொண்டு, கால் மணி நேரம் நிறுத்தி நிதானமாக விளக்கினேன். வேலி போடுவது யார், பாதை விடுவது யார், வருஷா வருஷம் வாடகை கட்டுவது யார் என்று ஒன்றையும் விடவில்லை. அவர் மரியாதையாகக் கடைசிவரை கேட்டுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“அப்ப கம்பெனி நெலத்தத்தான் நான் குத்தகைக்கு எடுக்குறேனா டீச்சர்? எதுக்கு? அங்கயும் மழை இல்லையே.”

பாட்டில்

இந்தப் பேச்சு எப்படியோ பரவி, நான் எண்ணெய்க் குத்தகையில் கெட்டிக்காரி என்று ஆகிவிட்டது. அடுத்து வந்தவர் பாளையம்பட்டியில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. முனியசாமி அண்ணன் நிலத்தை ஒட்டி அவருக்குக் கருவேலம் மண்டிய காடு ஒன்று உண்டு. கம்பெனி லாரி போகிற பாதைக்கு அதில் ஒரு துண்டைக் கேட்டிருந்தார்கள். அவர் ஒரு தண்ணீர் பாட்டிலை மேசைமேல் வைத்தார். உள்ளே கலங்கிய தண்ணீர், மேலே வானவில் நிறத்தில் ஒரு படலம். காட்டில் பள்ளத்தில் தேங்கிக் கிடந்ததாம். மோந்து பார்த்தேன். சத்தியமாக எண்ணெய் வாசனைதான்.

பாதைக் குத்தகைக்கு எல்லாம் ஒத்துக்கொள்ள வேண்டாம், இது வேறு கணக்கு என்று அண்ணாச்சியை உசுப்பேற்றினேன். கம்பெனியின் நில அதிகாரி சுதாகருக்கு போன் போட்டு, உடனே வரச் சொன்னேன். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். வெயிலில் பைக்கில் வந்து, பாட்டிலை மோந்து, அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் ஏதாவது வண்டி நின்றதா என்று மட்டும் கேட்டார். போன மாதம் போர்வெல் போடுகிற லாரி இரண்டு நாள் நின்றதாக அண்ணாச்சி ஒத்துக்கொண்டார். சுதாகர் பாட்டிலை மூடி, மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.

“எண்ணெய்தான் மேடம். ஆனா இதை ஏற்கெனவே ஒரு தடவை எடுத்து, சுத்தம் பண்ணி, பெட்ரோல் பங்க்குல வித்தாச்சு.”

ஒரு சாண் மண்

துளை போடுகிற மூன்று ஏக்கர் விஷயம் அப்படிச் சிரிப்பாக இல்லை. முனியசாமி அண்ணனுக்கு மொத்தமே ஐந்து ஏக்கர்தான். பேச்சுவார்த்தையை அவர் நிலத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சுதாகர் சொன்னதால், நானும் திருச்சுழி பஸ்ஸில் ஏறிப் போனேன். இந்தத் தடவை படித்துவிட்டுத்தான் போனேன். வேலை முடிந்ததும் நிலத்தை ‘நியாயமாக இயன்ற அளவு’ பழைய நிலைக்குக் கொண்டுவந்து தருவதாக ஒரு பிரிவு இருந்தது. ‘நியாயமாக’ என்றால் யாருடைய நியாயம் என்று அரை மணி நேரம் வாதாடினேன். சுதாகர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில் அவர் சொன்னதுதான் சரி என்று எனக்கே பட ஆரம்பித்துவிட்டது.

முனியசாமி அண்ணனின் வீட்டுக்காரி பாண்டியம்மா அக்கா அதுவரை வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய் கிடைத்தால் அது அரசாங்கத்துக்குத்தான், நிலத்துக்காரருக்கு வாடகை மட்டும்தான் என்று நான் விளக்கியபோதும் வரப்பிலேயே நின்றார். இப்போது மண்வெட்டியை எடுத்து வந்து, சுதாகர் காலடியில் வெட்டினார். மேலே கறுப்பு மண். கொஞ்சம் ஆழம் போனதும் வெள்ளை வெளேரென்று சுக்கான், ஒன்றும் முளைக்காத மண். பாண்டியம்மா அக்கா இரண்டையும் தனித்தனிக் குவியலாக வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவர் ஒன்று கேட்டதும் சுதாகர் பேனாவை எடுத்தார். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்து, கடைசியில் அதையே மேலே பரப்பித் தர வேண்டும் என்று நகலின் ஓரத்தில் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். அக்கா கேட்டது இவ்வளவுதான்:

“கீழ இருக்குறத மேல போட்டு, மேல இருக்குறத கீழ போட்டு மூடுனா, அதுவும் மூடுனதாத்தான சார் ஆகும்?”

பேசாமல் இருப்பது எப்படி

அண்ணாச்சியின் பாதைத் துண்டுக்கு வாடகை பேச வேண்டியிருந்தது. செல்போனில் ஒரு வீடியோ பார்த்து நான் ஒரு உத்தி கற்று வைத்திருந்தேன். எதிராளி ஒரு தொகை சொன்னதும் நாம் வாயைத் திறக்கக் கூடாது. அமைதி தாங்காமல் அவரே கூட்டிச் சொல்வார். இதை அண்ணாச்சிக்கு மூன்று முறை சொல்லிக்கொடுத்தேன். வாழ்நாள் முழுக்கக் கடையில் பேரம் பேசியவர், எனக்காக ஒத்துக்கொண்டார்.

சுதாகர் அண்ணாச்சியின் மளிகைக்கடைக்கு வந்தார், தொகையைச் சொன்னார். அண்ணாச்சி சீலிங் ஃபேனைப் பார்த்தார். நான் கால்குலேட்டரைப் பார்த்தேன். சுதாகர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அவரும் அதே வீடியோவைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. டீ வந்தது, ஆறியது. வெளியே டவுன் பஸ் ஒன்று வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போனது. யாராவது ஏதாவது பேசினால் தேவலையே என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ‘சரி சார், அப்படியே வச்சுக்கலாம்’ என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல். சுதாகர் கைகொடுத்துவிட்டுக் கிளம்பிப்போனார். அண்ணாச்சி கோபப்படக்கூட இல்லை.

“வாயத் தொறக்காதீகன்னு எனக்குச் சொன்னீக, சரி. உங்களுக்கு யாரு டீச்சர் சொல்றது?”

தப்பில்லாத பத்திரம்

பத்திரம் பதியப் பதிவு அலுவலகத்தில் டோக்கன் கிடைத்தது. முதல் நாள் சாயங்காலம் சுதாகர் முனியசாமி அண்ணனின் பத்திர நகலோடு ஓடிவந்தார். திருத்தமெல்லாம் பேனாவில் இருந்தது. முழுவதையும் புதிதாக அடித்து முத்திரைத்தாளில் எடுக்க வேண்டும். உட்கார்ந்தேன். ஏழாம் பக்கத்தின் அடியில், பதிமூன்றாம் பிரிவு முடிந்த நேரத்தில் கரண்டு போய்விட்டது. திரும்பி வந்ததும் மேலே ஃபேன் சுற்ற, தாள் புரண்டது. புரண்ட இடத்திலிருந்து நான் அடிக்க ஆரம்பித்தேன். பிரிவுக்கு நம்பர் போடுவது கம்ப்யூட்டரின் வேலை; அது பதினாலு என்று போட்டுக்கொண்டு போனது. மறுநாள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அலுவலக வாசலில் சுதாகர் எனக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

“ஒரு தப்புகூட இல்லை மேடம். இவ்வளவு சுத்தமா டைப் அடிக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை.”

ஆடு மேய்க்கும் உரிமை

ஒரு வாரம் கழித்து, மேசையில் கிடந்த பழைய நகலைப் புதியதோடு வைத்து எடுத்துக் கட்டும்போதுதான் பார்த்தேன். எட்டாம் பக்கம் முழுக்க இருந்த பழைய பதினாலாம் பிரிவையே காணோம். மூன்று வருஷம் முடிந்ததும், கம்பெனி விரும்பினால் அதே வாடகைக்கு இன்னும் மூன்று வருஷம் நீட்டிக்கொள்ளலாம், நிலத்துக்காரரைக் கேட்க வேண்டியதில்லை என்பது அது. அதற்குப் பதிலாகப் பதினாலாம் நம்பரில் உட்கார்ந்திருந்தது, வேலிக்கு வெளியே வரப்பில் முனியசாமியின் ஆடுகள் மேயலாம் என்ற பிரிவு.

நாளைக்குச் சுதாகரிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த ‘நாளைக்கு’ மூன்று வருஷமாக வந்துகொண்டே இருந்தது. சொன்னால் முனியசாமி அண்ணனுக்குக் கிடைத்ததை நானே பிடுங்கின மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் என்னை நம்பித் தாளைக் கொடுத்த பிள்ளைக்குத் துரோகம். இப்படி நினைத்து நினைத்து ஒன்றும் செய்யாமல் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாவ அறிக்கை சொல்லும்போதெல்லாம், மற்றவர்கள் எதை நினைத்தார்களோ தெரியாது, நான் பதினாலாம் பிரிவை நினைத்தேன். இதற்கிடையில் துளை போட்டார்கள், இரும்பு மூடி போட்டு மூடினார்கள், சோதனை இன்னும் முடியவில்லை என்றார்கள். கடைசியில், பதினாலாம் பிரிவின்படி எங்கள் உரிமையைப் பயன்படுத்திக்கொள்கிறோம் என்று கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. அதைப் படித்துக் காட்டச் சொல்லி முனியசாமி அண்ணன் என்னிடமே கொண்டுவந்தார். அவரிடம் இருந்த பத்திரத்தில் அந்தப் பிரிவைப் பார்த்து வாசித்தேன். அவர் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“கம்பெனி ஆடு மேய்க்கப் போகுதா டீச்சர்?”

ஒப்புக்கொண்டது

இரண்டு நாளில் சுதாகர் வந்தார். இந்தத் தடவை முகம் வெளிறியிருந்தது. நிலத்துக்காரரிடம் எதையோ வாங்கிக்கொண்டு அவர்தான் பிரிவை எடுத்துவிட்டார் என்று மேலே சந்தேகப்படுகிறார்களாம். விசாரணை என்று ஒரு கடிதமும் கொடுத்திருந்தார்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்றார். எனக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. கரண்டு போனது, தாள் புரண்டது, ஒரு வாரத்திலேயே எனக்குத் தெரிந்தது, மூன்று வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். பழைய நகலை எடுத்துக் காட்டினேன். சொன்னதையே ஒரு தாளில் அடித்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தார். மறுபடி ஒரு தரம் படித்தார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பதிவு அலுவலகத்தில் தானும் கடைசிப் பக்கத்தை மட்டும்தான் பார்த்ததாகச் சொன்னார். அந்தத் தாளால் அவர் வேலை தப்பித்தது. ஒரு வருஷச் சம்பள உயர்வு மட்டும் போனது. கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினார்.

“இந்த வேலைல நான் முழுசாப் படிச்ச பத்திரம் இது ஒண்ணுதான் மேடம்.”

பாண்டியம்மா அக்கா சொன்னது

நீட்டிக்கிற உரிமை இல்லாததால் கம்பெனி மறுபடி முனியசாமி அண்ணன் வீட்டுக்கு நடக்க வேண்டியதாயிற்று. அங்கே பேசியது பாண்டியம்மா அக்காதான். மூன்று வருஷம் கிடையாது, ஒரே ஒரு வருஷம், புரட்டாசிக்குள் மண்ணைப் பரப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும் என்றார். அப்படியே எழுதினார்கள். நான் அடிக்கவில்லை, காரியாபட்டியில் வேறு ஒருவர் அடித்தார். அடுத்த புரட்டாசியில் கறுப்பு மண் மேலே வந்தது. ஐப்பசியில் கொத்தமல்லி விதைத்தார்கள், முளைத்தது.

ஆனால் அண்ணாச்சி சும்மா இருக்கவில்லை. டைப் டீச்சர் கம்பெனியையே ஏமாற்றி, தெரிந்தேதான் அந்தப் பிரிவைத் தூக்கினார் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். பொய்ப் பெருமை உறுத்தியது. பாண்டியம்மா அக்கா பையில் ஒரு படி மல்லியோடு என் கடைக்கு வந்தபோது, அவரிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அது புத்திசாலித்தனம் இல்லை அக்கா, கவனக்குறைவு, எனக்கு இந்த மல்லி வேண்டாம் என்றேன். அவர் அந்தப் பையை என் மேசைக்கு அடியில் வைத்தார். அவர் தங்கச்சியின் நிலத்துக்குச் சூரிய மின்சாரக் கம்பெனி ஒன்று கொடுத்த குத்தகை நகல் மடியில் இருந்தது. அதை எடுத்து என் முன்னால் விரித்தார்.

“தெரிஞ்சே செஞ்சதாவே இருக்கட்டும் டீச்சர். தெரியாமச் செஞ்சீகன்னா, நாங்க மறுபடி எப்பிடி உங்ககிட்ட வாரது?”

படித்துச் சொன்னதை நம்பி வந்தவர்களைவிட, படிக்காமல் விட்டதை நம்பி வருகிறவர்கள்தான் இன்றைக்கு என் கடையில் அதிகம்.