பதில் சொல்லக் கூடாத கூட்டம்

பட்டாசு வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுவதற்கு முன் தாளைப் படித்துவிட வேண்டும் வேலுத்தாய்க்கு. சிவகாசி அச்சகங்களில் கழித்துப்போட்ட தாள்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். சினிமா நோட்டீசோ பள்ளிப் பாடமோ, ஒரு நோட்டம் விட்ட பிறகுதான் பசை தடவுவாள். வாயும் சும்மா இருக்காது. "இதப் பாருங்கடி, ஒல்லியாகுறதுக்கு மருந்தாம்! நாமெல்லாம் வாங்காமலே ஒல்லியாத்தான் இருக்கோம்" என்பாள். தாயில்பட்டியில் அவள் தெருவுக்குத் தனியாக ரேடியோ தேவையில்லை.

அப்பேர்ப்பட்டவளை ஒரு தாள் வாயடைக்க வைத்தது. குவேக்கர்கள் என்கிற கிறிஸ்தவக் கூட்டத்தாரைப் பற்றிய புத்தகத்தின் பதினாறு பக்கங்கள் அதில் இருந்தன. அச்சடித்து மடிக்காத பெரிய தாள் என்பதால் பாதிப் பக்கங்கள் தலைகீழ். முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. திருப்பித் திருப்பிப் படித்தாள். அவர்கள் கூட்டத்தில் பூசாரி இல்லை, பாட்டு இல்லை. எல்லாரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். மனசுக்குள்ளே இருக்கும் வெளிச்சம் பிடித்துத் தள்ளினால் மட்டும் ஒருவர் எழுந்து சொல்லலாம். சொன்னதற்கு யாரும் பதில் பேசக் கூடாது. அந்தத் தாளை அவள் உருட்டவில்லை.

மறு ஞாயிறே பால்வாடி வராந்தாவில் நாலு பெண்களை ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார வைத்துவிட்டாள். அதிலும் அவளே பேசாமல் இருந்ததைப் பார்க்கத் தெருவே வந்து எட்டிப் பார்த்தது.

"கிறிஸ்தவ வேதத்துல சேந்துட்டியாக்கும்?" என்று கேட்டாள் எதிர்வீட்டு முருகம்மாள்.

"ஏன், பத்திரகாளிக்குப் பொங்க வைக்கலையா நானு? சும்மா உக்காந்தா எந்தச் சாமி கோவிக்கப் போகுது?"

அவளுக்கு அந்த அமைதி வேண்டியிருந்தது. 2005 தீபாவளி சீசனில் அவளுடைய தங்கை மாரிசெல்வி செத்துப்போனாள். பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தவள். நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாத வெடிமருந்து அறையில் வெடித்தபோது ஐந்தாவது ஆளாக அவளும் உள்ளே கிடந்தாள். கதை பேசப் போனவளின் கால் பட்டுத்தான் மருந்து உரசியது என்று விசாரணையில் எழுதி முடித்தார்கள். ஐந்து உயிருக்கும் அவளே காரணம் என்று குழாயடியில் இரண்டு வருடமாகப் பேச்சு. வேலுத்தாயும் அதை நம்பித்தான் இருந்தாள்.

அந்தக் கம்பெனியின் போர்மேன் முனியராஜும் ஒரு மாதமாக வராந்தா ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். வேவு பார்க்க வருகிறார் என்றே நினைத்தாள். போன ஞாயிறு அவர் எழுந்து நின்றார்.

"மாரிசெல்வி தானாப் போகல. லோடு ஏத்துற அவசரத்துல நாந்தான் அவள மருந்து ரூமுக்கு அனுப்புனேன். விசாரணையில பொய் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிட, 'அங்கன என்னடி கதை பேசப் போன?' என்று தங்கையின் போட்டோவைப் பார்த்துத் தானே திட்டிய நாட்கள்தான் வேலுத்தாயைக் கொன்றன. கத்த வேண்டும்; கத்தக் கூடாது. அவள் வைத்த சட்டம் அவள் வாயையே கட்டியது. முந்தானையைக் கடித்துக்கொண்டு மீதி அரை மணியையும் உட்கார்ந்தே கழித்தாள். மற்ற பெண்களுக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

கூட்டம் கலைந்ததும் அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, நாளைக்குத் திங்கக்கெழம. சூலக்கரை கலெக்டர் ஆபீசுல மனு வாங்குற நாளு. இங்கன சொன்னத அங்கனயும் வந்து சொல்வீகளா?"

"சொன்னா செயிலுதான், வேலுத்தாயி. வார மாசம் எம் மகளுக்குக் கல்யாணம்."

"எந்தங்கச்சிக்கும் அந்த வருசந்தான் மாப்பிள பாத்துட்டு இருந்தோம்."

ஆனாலும் மறுநாள் காலை அவர் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டார். கண் மட்டும் தெருப் பக்கமே திரும்பித் திரும்பிப் போனது. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தார். பெண்கள் பக்கம் இடம் காலியாகத்தான் இருந்தது. அந்நிய ஆண் பக்கத்தில் ஒரு நாளும் உட்கார்ந்தறியாத வேலுத்தாய், ஊரே பார்க்க அவர் அருகில் அமர்ந்து, அவர் எழுந்து போக வழியில்லாமல் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்துக்கொண்டாள்.